பேர் சொல்லாமல் ஒரு கண்டனம்

"கண்டிக்கிறோம், கண்டிக்கிறோம்" என்று ஆவுடையப்பன் மைக்கில் கத்தினார். பின்னால் நின்றவர்களும் கண்டிக்கிறோம் என்றார்கள். யாரை என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள், ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவிலேயே அது இருக்கிறது, தனிநபர் பெயர் எதையும் குறிப்பிட்டுப் பேசமாட்டோம் என்று, கீழே தாலுகா பத்திரிகையாளர் சங்கத் தலைவர் என்ற முறையில் இதே ஆவுடையப்பனின் கையெழுத்து. பேச்சுரிமையைக் காப்போம் என்று கத்துவதற்கு அனுமதி வாங்க, பேசமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் இந்த மகராசன்கள். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே போட்ட சாமியானாவுக்குக் கீழே, முன்வரிசையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. கட்டுக்குள் வியர்த்து அரிக்கிறது, எங்கே என்று விரலை விட்டுத் தேடமுடியாத அரிப்பு. நேர் எதிரே அவள் படமே பிளக்ஸில் தொங்கியது, அடையாள அட்டைக்கு எடுத்த படம், பெரிதாக்கியதில் மூக்கு பரந்து கிடந்தது, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'செய்தியாளர் மீது மர்ம நபர்கள் தாக்குதல்'. மர்மமாம். என்ன மர்மம். இரும்புக் குழாயை இவள் கைமேல் ஓங்கினவன் ராமர், குவாரி எடைமேடையில் லாரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறவன், போன தைப்பூசத்தில் அன்னதானப் பந்தியில் அவளுக்குச் சாம்பார் ஊற்றியவன். வண்டி ஓட்டினவன் அவன் மச்சினன். அனுப்பியவர் யார் என்று பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பொம்பளைக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேரை ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. முதலாளி என்பார்கள், பெரியவரு என்பார்கள், பேப்பரில் போட நேர்ந்தால் பிரபல தொழிலதிபர், அதுவும் அவர் எதையாவது திறந்துவைத்தால்தான். மற்றபடி செய்தியில் அவர் வெறும் 'ஒரு தனியார் குவாரி'. இவளும் இத்தனை வருஷம் அப்படித்தான் எழுதினாள், அதை நினைத்தபோது அரிப்பு தோள்வரை ஏறியது.

அவர்கள் நான்கு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. தாலுகாவில் நான்கு நாளிதழ், நாளிதழுக்கு ஒரு நிருபர், ஆவுடையப்பன், காஜா மைதீன், இம்மானுவேல், இவள். சாதாரணச் செய்தி என்றால் ஒருத்தருக்கு ஒருத்தர் மறைப்பார்கள், கிணற்றில் விழுந்த மாட்டைக்கூடத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கையைச் சுடுகிற செய்தி என்றால் மட்டும் சேர்ந்து போடுவது. ஒருத்தர் எழுதி மற்ற மூன்று பேருக்கும் கொடுப்பார், நான்கு பேரும் ஒரே நாளில் அனுப்புவார்கள், மறுநாள் நான்கு பேப்பரிலும் நமது நிருபர் என்று வரும், நான்கு நமது நிருபரில் எவனைப் போய் அடிப்பான். வேலி அதுதான், வேறு வேலி கிடையாது. ரேஷன் அரிசிக் கடத்தலை அப்படித்தான் போட்டார்கள், விடுதிக் காப்பாளன் சமாசாரத்தை அப்படித்தான் போட்டார்கள், ஒரு கல் விழவில்லை. அந்த வழக்கத்துக்குள்ளே இன்னொரு வழக்கம், அனுப்பினபிறகு பேப்பர் வரும்வரை யாரும் யாருக்கும் போன் போடக்கூடாது. எப்போதோ ஒரு இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனின் போன் விவரங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி நாலு பேரும் நேத்து ஒரே பேச்சா இருக்கு என்று சிரித்ததிலிருந்து வந்த ஏற்பாடு. அதை வேதமாகக் கடைப்பிடித்தவள் இவள் ஒருத்திதான் என்று இப்போது தெரிகிறது. குவாரியில் பாறை சரிந்து பரமன் செத்தான், வெடி வைக்கப் பாறையில் துளை போடுகிற வேலை அவனுக்கு. உடம்பை எடுத்துக்கொண்டு போய் நாற்கரச் சாலை ஓரத்தில் போட்டு, அடையாளம் தெரியாத வாகனம் மோதி என்று வழக்கு எழுதியாயிற்று. அவன் பெண்டாட்டி மாடத்தி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரோட்டுக்கு அவுக எதுக்குப் போகணும், எங்க வீடு அந்தப் பக்கமே இல்லையே, தலைமுடிக்குள்ள பூராக் கல்லுப் பொடிம்மா" என்று சொல்லி அழுதாள். கூட வேலை செய்த இரண்டு பேர் நடந்ததைச் சொன்னார்கள். எழுதினாள். மூன்று பேருக்கும் கொடுத்தாள். "போட்டுருவோம் தாயி, இதைப் போடாட்டா நாம என்ன மனுசங்க" என்று சொன்னது யார், இதோ மைக்கில் கத்துகிறாரே இவர்தான். அனுப்பினாள், போனை அணைத்து அரிசிப் பானைமேல் வைத்தாள், வழக்கப்படி.

காலையில் பஸ் ஸ்டாண்ட் பேப்பர் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இவள் பேப்பரில் நான்கு பத்தி. மற்றதில் ஒன்றிலும் இல்லை. இல்லாமல் இருந்தால்கூடத் தேவலை, மூன்றிலும் நான்கு வரி இருந்தது, வாகனம் மோதித் தொழிலாளி பலி. அதைத்தான் இன்றுவரை விழுங்கமுடியவில்லை. பயந்தார்கள், சரி, பயப்படாதவன் யார், அந்தச் செய்தியை எழுதும்போது இவளுக்கும் பயம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. பொய்யைப் போடச் சொல்லி யார் அழுதார்கள். இவள் எழுதினது பொய் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி அல்லவா ஆகிவிட்டது, மூன்று பேப்பர் ஒன்று சொல்ல, ஒரு பேப்பர் வேறு சொன்னால் சனங்கள் எதை நம்பும். காஜாவிடம் கேட்டதற்கு, "உலகம்மா, மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், மாப்பிள்ளை வீடு பெரியவரு தெருவுலதான், உனக்குத் தெரியும்லா" என்றார். இம்மானுவேலின் தம்பி குவாரியில் லாரி ஓட்டுகிறான், "அக்கா, அவன் சோத்துல மண்ணைப் போடச் சொல்லுதியளா" என்று இம்மானுவேல் திருப்பிக் கேட்டான். இரண்டும் காரணம்தான், முதல் நாளே சொல்லியிருந்தால். ஆவுடையப்பன் மட்டும், "நான் அனுப்பத்தான் செஞ்சேன் தாயி, ஆபீஸ்ல போடலை, நான் என்ன செய்ய" என்றார். அனுப்பினாரா. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அனுப்பியிருக்கலாம். அவர் பேப்பரில் முதலாளியின் விளம்பரம் மாதத்துக்கு ஒருமுறை முழுப்பக்கம் வரும், ஆபீஸில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நான்கு வரி யார் அனுப்பியது, ஆபீஸா உட்கார்ந்து பரமனின் வயதை எழுதியது. அனுப்பியிருக்க மாட்டார். அனுப்பியிருப்பார். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாட்டு வண்டிச் சக்கரம் மணலில் சுற்றுவதுபோல அங்கேயே சுற்றும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராத்திரிகள் பூராவும் அங்கேயேதான் சுற்றியது. கை ஒடிந்த வலி மாத்திரைக்குக் கேட்டது, இது கேட்கவில்லை.

காஜா மைக்கைப் பிடித்தார். சனநாயகத்தின் நான்காவது தூண் என்றார். தூணாம். தூண் என்றால் கூரையாவது இருக்கவேண்டும் தலைக்குமேல். இவளுக்கு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது, நகரத்தில், குளிரூட்டின கட்டடம், அடிபட்ட அன்று சாயங்காலம் அங்கே போன் போட்டால் செய்தி ஆசிரியர், "ரொம்ப வருத்தம்மா, ஆனா நீங்க ரெகுலர் ஸ்டாப் இல்லை, லைனுக்கு இவ்வளவுன்னு கணக்குதான், அதனால நம்ம நிருபர்னு போடமுடியாது, பெண் ஒருவர்னு போட்டுக்கலாமா" என்று கேட்டார். எழுதும்போது நமது நிருபர், அடிபட்டால் பெண் ஒருவர். போடவேண்டாம் சார் என்று வைத்துவிட்டாள். காவல் நிலையத்தில் அதற்குமேல். தினம் காலையில் குற்றச் செய்தி வாங்கப் போய் நிற்கிற நிலையம்தான், ரைட்டர் டீ வாங்கிக் கொடுப்பார், உட்காருங்கம்மா என்பார். அன்றைக்குத் தொங்குகிற கையோடு உட்கார்ந்து, ராமர், அவன் மச்சினன், அனுப்பினவர் என்று மூன்று பேரையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுல எதும் பிரச்னை உண்டாம்மா, வீட்டுக்காரருகூட, இல்ல வெளியில யாருகூடவும் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாக் கோணத்துலயும் விசாரிக்கணும்லா" என்றார். அந்தக் கோணத்தில் விசாரிக்கத்தான் இவருக்குச் சம்பளம். கடைசியில் முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் பார்த்தால் அடையாளம் தெரியாத நபர்கள். பரமனை அடித்தது அடையாளம் தெரியாத வாகனம், இவளை அடித்தது அடையாளம் தெரியாத நபர்கள், இந்த ஊரில் செத்தவனும் அடிபட்டவளும்தான் அடையாளம் தெரிந்தவர்கள். இதற்குள் பணம் கேட்டுப் பேரம் படியாமல் எழுதிவிட்டாள் என்று ஒரு பேச்சையும் கிளப்பிவிட்டார்கள். மாடத்தியோ, வந்து கேட்ட நிருபர்களிடம், நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலையே என்று சொல்லிவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதைக் கேட்டபோது அவள்மேல் வந்த கோபம், சீ, அவள்மேல் போய்க் கோபப்பட்டோமே என்று தன்மேல் திரும்பி, இரண்டும் சேர்ந்து நெஞ்சில் கிடக்கிறது.

கோபத்துக்குக் கீழே பயம் இருக்கிறது, அதை மறைத்து என்ன. காலையில் புறப்படும்போது புருஷன் சண்முகவேல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், "ஏளா, போ, உக்காரு, மாலை போட்டா வாங்கிக்கோ, பேசச் சொன்னா நன்றின்னு சொல்லிட்டு வந்துரு" என்றான். அவன் கோழை இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் இவளுக்காகச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றவன். ஆனால் முந்தாநாள் அவன் போனுக்கு ஒரு குரல் வந்தது. மரியாதையான குரலாம். "அண்ணாச்சி, பாப்பா டியூசன் எத்தனை மணிக்கு முடியும், இருட்டிருதுல்லா, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவ்வளவுதான். திட்டவில்லை, மிரட்டவில்லை, வழக்குப் போட அதில் ஒரு சொல் இல்லை. மகள் பவித்ரா பன்னிரண்டாவது படிக்கிறாள். சடையை முன்னால் போட்டுக்கொண்டு, கூட வருகிற பிள்ளையோடு சிரித்துக்கொண்டே கால்வாய்க் கரையில் வருவாள், அந்தக் கரையில் விளக்கு கிடையாது, விளக்கு இல்லை என்று இவளே இரண்டு தடவை செய்தி போட்டிருக்கிறாள். இப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள், வேதியியல் வகுப்பு. இப்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம். சாயங்காலம் சண்முகவேல் போய்க் கூட்டிக்கொண்டு வருவான், நாளைக்கும் வருவான், எத்தனை நாளைக்கு, சவாரியை விட்டுவிட்டு. பேசாமல் இருந்துவிட்டால் விட்டுவிடுவார்களா. விடுவார்கள் என்று சண்முகவேல் நம்புகிறான். இவளும் நம்பத்தான் பார்க்கிறாள். நன்றி என்று ஒரு வார்த்தை. நன்றி சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். படுத்தால் பரமனின் தலைமுடிக்குள் கல்லுப்பொடி.

வெயில் சாமியானாவைத் தாண்டி முழங்காலுக்கு வந்துவிட்டது. நீர்மோர் வந்தது. பெரிய எவர்சில்வர் அண்டாவில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள், கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு, ஐஸ் மிதக்க. இம்மானுவேல் முதல் தம்ளரை இவளுக்குத்தான் கொண்டுவந்தான், "குடிங்கக்கா, வேர்த்துக் கொட்டுது" என்று. பாதியைக் குடித்தாள். நல்ல மோர், தாராளமான மோர், சங்கத்துக்கு இது கட்டுப்படியாகாதே என்று ஒரு நினைப்பு ஓடியது. தொழில் புத்தி, எதைப் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆவுடையப்பனிடம் கேட்டாள், "மோரு யாரு உபயம் அண்ணாச்சி."

"நலம்விரும்பி ஒருத்தரு தாயி."

"பேரு இல்லாத நலம்விரும்பியா."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "தானா அனுப்பிட்டாவ. நாமளா போய்க் கேக்கலை, அவியளே கேள்விப்பட்டு, வெயில்ல நிக்காவளேன்னு. வேண்டாம்னு சொன்னா மொறைச்சுக்கிட்ட மாதிரி ஆயிரும். அவருக்கும் இதுல வருத்தம்தானாம் தாயி, பசங்க தெரியாத்தனமா செஞ்சுட்டானுவன்னு சொன்னாராம்." இதைச் சொல்லும்போதும் அவர் குரலில் ஒரு பிரியம் இருந்தது, அதுதான் தாங்கமுடியவில்லை, அவர் கெட்டவர் இல்லை, இவள் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்த மனுஷன். உலகம்மாள் சுற்றிப் பார்த்தாள். கறுப்புத் துணியைச் சட்டையில் குத்திக்கொண்டு அத்தனை பேரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள், காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் குடித்தார்கள், காஜா இரண்டாவது தம்ளருக்கு அண்டாவைச் சாய்த்தார். கையை ஒடிக்க ஆள் அனுப்பினவர் வீட்டு மோர், ஒடிந்த கைக்காரிக்கு முதல் தம்ளர். வாயில் இஞ்சி காரமாக நின்றது. காறித் துப்பலாம் என்றால் பாதி உள்ளே போய்விட்டது, போனது போனதுதான். பசங்க தெரியாத்தனமா. அப்படியானால் இவருக்குத் தெரியும், இவரிடம் யாரோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், தெரிந்துகொண்டேதான் அரை மணி நேரமாக மர்ம நபர்கள் மர்ம நபர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆபீஸுக்கு அனுப்பினாரா இல்லையா என்ற கேள்வி அந்த நிமிஷத்தில் இவளுக்குச் செத்துப்போனது. அனுப்பியிருந்தால் என்ன, அனுப்பாவிட்டால் என்ன.

"இப்போது பாதிக்கப்பட்ட நமது சகோதரி ஏற்புரை வழங்குவார்" என்று காஜா அறிவித்தார். ஏற்புரையாம், அடிபட்டதை ஏற்றுக்கொண்டு ஒரு உரை. ஆவுடையப்பன் இவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார், காதுப் பக்கம் குனிந்து, "பேரு மட்டும் வேண்டாம் தாயி, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், உனக்கும் பொட்டப்பிள்ளை இருக்கு" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, டியூசன் போன் விஷயம். சண்முகவேல் சொன்னானா, வேறு யாராவதா. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மைக்குக்குப் போனாள். இம்மானுவேலும் காஜாவும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்கள், எல்லாப் பேப்பருக்கும் இப்போது வீடியோ வேண்டும். அவர்களுக்குப் பக்கத்தில் தனிப்பிரிவு ஏட்டு சங்கரநாராயணனும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார், ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் யார் வந்தார்கள் யார் என்ன பேசினார்கள் என்று பதிவு செய்து சாயங்காலத்துக்குள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. மைக் சுட்டது. எல்லாருக்கும் வணக்கம் என்றாள், குரல் யாருடையதோபோல ஒலிபெருக்கியில் போய்த் திரும்பி வந்தது. நன்றி என்று அடுத்த சொல் நாக்கில் தயாராக இருந்தது. கண்ணுக்குள் சடை முன்னால் கிடக்க பவித்ரா கரையில் வந்துகொண்டிருந்தாள். இவள் பேசாமல் இருந்து, அப்புறமும் அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் என்ன எழுதுவார்கள். மர்ம நபர்கள் என்றுதான். இவளே போய் நின்று அலறினாலும் அடையாளம் தெரியாத நபர்கள் என்றுதான். இதே பிளக்ஸ்தான், படம் மட்டும் மாறும். மோர் வரும். பேர் சொல்லாத இடத்தில்தான் அவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், யாரும் வராத மாதிரியே வந்துவிட்டுப் போகலாம். சொல்லிவிட்டால் பிள்ளைமேல் ஒரு துரும்பு விழுந்தாலும் ஊர் திரும்பிப் பார்க்க அவர் வாசல் என்று ஒன்று இருக்கும். அதுகூட நிச்சயம் இல்லை. நிச்சயம் என்று ஒன்று இவளுக்கு யார் தரப்போகிறார்கள்.

"என்னைய அடிச்சது மர்ம நபர் இல்ல" என்றாள். "எடைமேடையில நிக்க ராமரும் அவன் மச்சினனும். பரமன் ரோட்டுல சாகலை, குவாரிக்குள்ள பாறை விழுந்து செத்தான். குவாரிக்காரருக்குப் பேரு உண்டு. சீனிக்குட்டி மகன் மருதப்பராஜன்."

  முதலில் இம்மானுவேலின் போன் கீழே இறங்கியது, நெஞ்சுவரை, பிறகு இடுப்புவரை, பிறகு சட்டைப் பைக்குள். காஜா தன்னுடையதை அணைத்துவிட்டு அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவுடையப்பன் தாலுகா அலுவலக வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு குவாரி லாரி சாமியானாவை உரசிக்கொண்டு போனது, புழுதி எல்லார்மேலும் விழுந்தது. புழுதி அடங்கியபோது ஒரே ஒரு போன் மட்டும் இன்னும் தூக்கியபடி இருந்தது, ஏட்டு சங்கரநாராயணனுடையது. அவருக்கு இறக்க அனுமதி கிடையாது, அது அவர் வேலை. இதை இவளுக்கு எதிராகத்தான் எழுதுவார், நிபந்தனையை மீறினாள் என்று. எழுதட்டும். எழுதவேண்டுமென்றால் எந்தப் பேரைச் சொல்லி மீறினாள் என்றும் எழுதியாகவேண்டும். உலகம்மாள் கூட்டத்தை விட்டுவிட்டு உடம்பை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"சார், பதிவாயிட்டா" என்று கேட்டாள்.

ஏட்டு ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். போன் ஆடாமல் இருக்க முழங்கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"லாரிச் சத்தத்துல சரியா விழலைம்மா. இன்னொருக்காச் சொல்லுங்க."

அவள் தகப்பன் பேரோடும் ஊர்ப் பேரோடும் சேர்த்து, ஒவ்வொன்றாக நிறுத்தி, மறுபடியும் சொன்னாள்.